குமரி மாவட்டத்துத் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபையிலும், பாசன சபைக் கூட்டத்திலும், டீக்கடை பெஞ்சிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கல்லூரியில் ஆய்வுக்குத் தலைப்பு தேடும் பிள்ளைகள் கேட்பவையும் நடுவில் வரும். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) பெய்கிறது, ஐப்பசி மழையும் (வடகிழக்குப் பருவமழை) பெய்கிறது. நமக்கு எப்படித் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் நம் தலைமேல் விழும் நீர் 80 டி.எம்.சி.யைத் தாண்டும் (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 4.35 டி.எம்.சி., பெருஞ்சாணி 2.89. இரண்டும் சேர்ந்து ஏழேகால். விழுவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்தப் பெரிய அணைகள் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடியாது. மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. கொள்ளளவு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் அணைகளின் அளவு புரியும்.

மீதித் தண்ணீரில் ஒரு பகுதியைக் காடும் தோப்பும் குடிக்கும், ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். மற்றது மலையிலிருந்து கடலுக்கு ஒரு நாளுக்குள் ஓடிவிடும். நம் ஆறுகள் அவ்வளவு குட்டை. ஆக, மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட, பெய்தது எத்தனை நாள் ஊருக்குள் தங்குகிறது என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதைச் சுற்றியே இருக்கும்.

அப்படியானால் இன்னொரு அணை கட்டலாமே?

எங்கே? மேற்குத்தொடர்ச்சி மலையின் நம் பக்கத்துக் காட்டில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். மலையடிவாரத்தில் வீடில்லாத, தோப்பில்லாத பள்ளத்தாக்கு மிச்சமில்லை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான். புதிய அணை என்பது மேடையில் பேச நல்ல சங்கதி, அவ்வளவே என்பது என் கருத்து. ஏற்கெனவே கட்டி வைத்திருப்பதைத் தூர் பார்ப்பதற்கே ஒரு தலைமுறை வேலை இருக்கிறது.

நம் பாசனம் எப்படி ஓடுகிறது? எந்த அணைத் தண்ணீர் எந்த ஊருக்கு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டம் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பேச்சிப்பாறை கோதையாற்றின் மேல் நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த வேலை. கட்டிய பொறியாளர் மிஞ்சின், அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெருஞ்சாணி பரளியாற்றின் மேல் 1950-களில் வந்தது. பேச்சிப்பாறைத் தண்ணீர் இடதுகரைக் கால்வாய் வழியாகப் புத்தன் அணைக்கு வந்து, பெருஞ்சாணித் தண்ணீரோடு சேர்கிறது. அங்கிருந்து ஒரு கை பத்மநாபபுரம் புத்தனாறு. இன்னொரு கை பாண்டியன் கால் (கால் என்றால் வாய்க்கால்), அது பழையாற்றுப் படுகைக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஓர் ஆற்றின் நீரை நாம் வேறோர் ஆற்றின் படுகைக்குக் கடத்துகிறோம் என்பது. தானாக ஓடினால் கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழவேண்டியவை. அந்தத் தண்ணீர்தான் தோவாளைச் சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு என்று பிரிந்து கிழக்கே நாஞ்சில் நாட்டு வயலை நனைக்கிறது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் சிற்றாறு அணைகளும் பட்டணங்காலும் உண்டு. மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் இடத்தில், பரளியாற்றுக்கு 115 அடி உயரத்தில் ஓடுவது இந்தப் பட்டணங்கால் தண்ணீர்தான். காமராசர் ஆட்சியில் திட்டமிட்டு 1966-இல் முடித்தார்கள். ஆற்றுக்கு மேல் இன்னோர் ஆறு போகிறது என்பதைப் படம் எடுக்கும் பலரும் கவனிப்பதில்லை.

ஆகவே திட்டமிடும்போது தாலுகா எல்லையை மறந்துவிட வேண்டும். பேச்சிப்பாறைக் காட்டில் மரம் குறைந்து மண் அரித்தால் அகஸ்தீஸ்வரத்துக் கடைவரம்பு (கால்வாயின் கடைசிப் பகுதி) விவசாயிக்குத்தான் வலிக்கும்.

ராதாபுரத்துக்கு நம் தண்ணீரை ஏன் கொடுக்க வேண்டும்?

தோவாளைச் சானலில் நிலப்பாறையில் தொடங்கும் ராதாபுரம் கால் நெல்லை மாவட்டத்தில் சுமார் 17,000 ஏக்கருக்காக வெட்டப்பட்டது. வறட்சி ஆண்டு வந்தால் ஒவ்வொரு முறையும் சண்டை. எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் ஒன்றுதான்: நிலப்பாறையில் நாள்தோறும் எத்தனை கன அடி போகிறது, நம் கடைவரம்பில் அதே நாளில் எத்தனை கன அடி வருகிறது என்ற இரண்டு எண்களையும் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் எழுதிப் போட வேண்டும். அளவு தெரியாத இடத்தில் சந்தேகம் வளரும். கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த விகிதத்தில் எல்லோரும் குறைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது பயன்தரும்.

காலநிலை மாற்றம் என்கிறார்களே, நம் ஊரில் அது எப்படித் தெரிகிறது?

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது ஏந்தக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். இது இயற்பியல். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், நடுவில் நீண்ட வெயில் காயும். ஆண்டு மொத்த மழை மாறாமலே வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் வரலாம்.

நாம் பார்த்தவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுக்கப் பொய்த்தது. மறு ஆண்டு 2017 நவம்பர் 30-இல் ஒக்கி. குமரிக் கடலில் உருவாகி மிக விரைவாகப் புயலாக வலுத்தது. கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பவில்லை, கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. 2021 நவம்பர் நடுவில் வெள்ளம், சானல் கரைகள் உடைந்து ரயில் பாதையில் மண் சரிந்தது. இந்த நிகழ்வுகள் ஒவ்வொன்றுக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது, அப்படிச் சொல்லத் தனி ஆய்வு வேண்டும். ஆனால் அரபிக்கடல் சூடாகிவருவதும், அங்கே கடும் புயல்கள் கூடிவருவதும் அளந்து உறுதியான செய்தி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும். அந்த மழை கொஞ்சம் தென்மேற்கே நகர்ந்து நம் மலைமேல் விழுந்திருந்தால்? 100 சதுர கிலோமீட்டர் மலையில் 95 சென்டிமீட்டர் பெய்தால் அது 3.35 டி.எம்.சி. நீர். பேச்சிப்பாறை முக்கால் பங்கு நிறைந்துவிடும், அதுவும் காலியாக இருந்தால். அணைப் பாதுகாப்புத் திட்டத்தில் பேச்சிப்பாறைக்குக் கூடுதல் மறுகால் (உபரி நீர் வெளியேறும் வழி) மதகுகள் கட்டியது வீண்செலவு என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஐப்பசியில் அணையைத் திறந்து கடலுக்கு விடுகிறார்கள். மாசியில் தண்ணீர் இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?

கோபம் புரிகிறது. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. 42 அடியைத் தொட்டாலே குழித்துறை வரை வெள்ள எச்சரிக்கை போகும். அந்த ஆறடி இடைவெளி பெருமழைக்கு விட்டுவைக்கும் இடம். முழுக்க நிரப்பி வைத்து, இரவில் 30 சென்டிமீட்டர் மழை வந்தால் கோதையாற்றங்கரை ஊர்கள் தாங்காது.

ஆனால் எல்லா ஆண்டும் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. டிசம்பர் பத்தாம் தேதி வானிலை முன்னறிவிப்பு தெளிவாக இருந்தால் மட்டத்தை ஏற்றலாம். அக்டோபரில் வங்கக் கடலில் தாழ்வுநிலை இருந்தால் இன்னும் இறக்கலாம். தேதிக்குத் தேதி, முன்னறிவிப்புக்குத் தக்கபடி நீர்மட்ட அட்டவணை தயாரிப்பது பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் செய்யக்கூடிய அருமையான ஆய்வு. கூடவே ஒரு விஷயம்: திறந்துவிடும் நீர் கடலுக்குப் போகும் முன் வழியிலுள்ள குளங்கள் நிறைந்தனவா என்று பார்க்க வேண்டும். சானல் பராமரிப்பு இல்லாததால் அணை திறந்திருக்கும்போதே குளம் காய்ந்து கிடப்பதை நாஞ்சில் நாட்டில் யாரும் பார்க்கலாம்.

குளங்களை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

மாவட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. ஒரு குளம் பத்து ஏக்கர் என்று வைத்து, அதில் ஓரடி வண்டல் படிந்திருந்தால் இழப்பு சுமார் 1.23 கோடி லிட்டர். 2,000 குளத்திலும் அதுவே நடந்திருந்தால் 870 மில்லியன் கன அடி. பேச்சிப்பாறையில் ஐந்தில் ஒரு பங்கு! இது கற்பனைக் குளத்துக்கான கணக்கு. உண்மையான அளவைச் சொல்ல ஒவ்வொரு குளத்தையும் அளக்க வேண்டும். அளப்பதுதான் இங்கே முதல் ஆராய்ச்சி.

என்ன அளப்பது? குளத்தின் இன்றைய ஆழம், பழைய மடைக்கல்லின் மட்டம், மறுகாலின் உயரம், உள்வரும் காலின் அகலம், வருவாய்த்துறைப் பதிவிலுள்ள பரப்பு, இன்று தரையிலுள்ள பரப்பு. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆக்கிரமிப்பின் அளவு. 2007-இல் வந்த குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கையில் இருக்கிறது, அளந்த வரைபடம் இல்லாமல் அது ஓடாது.

குளங்கள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. மேல் குளத்தின் மறுகால் கீழ் குளத்தின் வரத்துக்கால். நடுவில் ஒரு குளத்தை மட்டும் அழகாகத் தூர்வாரி, நடைபாதை போட்டு, விளக்கு வைத்துவிட்டு, அதற்கு மேலுள்ள ஓடையை மூடிவிட்டால் அது வெறும் பூங்கா. இப்படிப்பட்ட பூங்காக்களைக் கண்டு எனக்கு அலுத்துவிட்டது.

சுசீந்திரம்-தேரூர் சதுப்பு நிலமும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அங்கே வரும் பறவைகளுக்கும், பாசனத்துக்கும், மீன் குத்தகைக்கும், தாமரைக்கும் ஒரே நீர்மட்டம் ஒத்துவராது. மீன் குத்தகைக்காரர் நீரை வடிக்கக் கேட்கும் நேரத்தில் வயல்காரர் தேக்கச் சொல்வார். எந்த மாதம் எந்த மட்டம் என்று நான்கு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ளாமல் சதுப்பு நிலத் திட்டம் நடக்காது.

குளத்தை எவ்வளவு ஆழமாகத் தோண்டலாம்?

வண்டல் அளவுக்கு மட்டும். அடிக் களிமண்ணை உடைத்தால் நீர் நிற்காது; மடை மட்டத்துக்குக் கீழே தோண்டியது வயலுக்கு ஏறிவராது. மண் எடுக்கும் லாரிகளுக்கு இந்த விதி பிடிக்காது.

வயலை நிரப்பி வீடு கட்டினால் தண்ணீருக்கு என்ன கேடு?

ஓர் ஏக்கர் வயலில் வரப்பு அரையடி நீரைத் தேக்கினால் அது ஆறு லட்சம் லிட்டர். ஒவ்வொரு கனமழையின்போதும், ஒரு பைசா செலவில்லாமல். அந்த வயலை மண்ணடித்து மனையாக்கினால் அதே ஆறு லட்சம் லிட்டர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். நாகர்கோவிலைச் சுற்றி மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீர் நிற்கும் புது நகர்கள் பலவும் ஒரு காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லும் விளைந்த இடங்கள்.

விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. நெல்லுக்குக் கிடைக்கும் காசும் ஒரு சென்ட் மனைக்குக் கிடைக்கும் காசும் பக்கத்தில் வைக்க முடியாதவை. வயல் வெள்ளத்தைத் தாங்குகிறது, கிணற்றை ஊறவைக்கிறது என்றால் அந்தச் சேவைக்கு ஊரும் நகரமும் விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். கேரளத்தில் நெல்வயல் வைத்திருப்பவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. நாம் அங்கிருந்து பிரிந்து வந்தவர்கள்தானே, இதையாவது கேட்டு வாங்கலாம்.

நெல்லே தண்ணீர் குடிக்கும் பயிர். மாற்றுப் பயிருக்குப் போகக் கூடாதா?

தாழ்ந்த ஏலாக்களில் (வயல்வெளிகளில்) ஐப்பசியில் நெல்லைத் தவிர வேறெதுவும் நிற்காது. அங்கே பயிரை மாற்றுவதைவிட முறையை மாற்றலாம். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சும் முறையில் கால் பங்கு வரை நீர் மிச்சமாகும்; பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஜூன் 1-இல் அணை திறக்கக் காத்திராமல் கோடை மழையில் புழுதி விதைப்பு செய்தால் கன்னிப்பூ முன்னதாக அறுவடையாகும், கும்பப்பூ நாற்று பெருமழைக்கு முன் வேர் பிடிக்கும். திருப்பதிசாரம் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே டி.பி.எஸ். வரிசை நெல் ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் குறுகிய கால ரகம் என்ற கோரிக்கையை விவசாயிகள் அங்கே நேரில் வைக்க வேண்டும்.

சானலுக்குக் கான்கிரீட் போடுவது நல்லதா?

கடைவரம்பில் வயல் வைத்திருப்பவரைக் கேட்டால் நல்லது. சானலோரம் கிணறு வைத்திருப்பவரைக் கேட்டால் கெட்டது. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். மண் சானலில் கசியும் நீர் பக்கத்துக் கிணறுகளை ஊறவைக்கிறது; தளம் போட்டால் அந்த நீர் கடைவரம்புக்குப் போகிறது. எந்தப் பகுதியில் தளம், எந்தப் பகுதியில் மண் என்று முடிவு செய்ய, வேலைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டத்தை ஒரு பருவமாவது அளந்திருக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளி வந்த பிறகு இந்த யோசனை வந்து பயனில்லை.

கடற்கரை ஊர்களில் கிணறு உப்பாகிறது. மழை பெய்தால் சரியாகுமா?

கொஞ்சம் சரியாகும். மணற்பாங்கான கரையில் நல்ல நீர் கனம் குறைந்தது என்பதால் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது பழைய நீரியல் கணக்கு. மறுபக்கம் இதுதான் ஆபத்து: மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே உப்பு பல மீட்டர் ஏறும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்குவது உப்பைக் கையால் இழுத்து வருவது போல. ஆழமற்ற கிணறும் மெதுவான இறைப்புமே இங்கே பாதுகாப்பு.

கடல்மட்டம் உயர உயர ஆற்று முகத்துவாரம் வழியாகவும் உப்பு ஏறும். குழித்துறை தாமிரபரணியில் பரக்காணிப் பக்கம் தடுப்பணை கட்டியது இதற்காகத்தான். பழையாறு மணக்குடியில் கடலைத் தொடுகிறது. வரும் வழியில் நாகர்கோவிலின் கழிவு நீரையும் சுமந்துவருவதால் அங்கே உப்போடு சாக்கடையும் பிரச்சினை. அந்த நீரைச் சுத்திகரிக்காமல் கடைவரம்புப் பாசனம் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

எங்கள் பிர்க்காவில் (வருவாய்க் குறுவட்டத்தில்) நிலத்தடி நீர் பாதுகாப்பானது என்று அரசு சொல்கிறது. பிறகு ஏன் கிணறு வற்றுகிறது?

ஆண்டு முழுவதும் ஊறுவதில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகை உறிஞ்சல். இது பிர்க்கா முழுவதற்குமான, ஆண்டு முழுவதற்குமான சராசரி. பங்குனியில் பாறைமேட்டில் இருக்கும் உங்கள் கிணறு அந்தச் சராசரிக்குள் தெரியாது. மழைக்கும் இதே கதை. மலைமேலுள்ள பாலமோரில் ஒரு நாளில் கொட்டுவது கீழே சமவெளியிலுள்ள மயிலாடியில் ஒரு மாதம் பெய்யாது. மாவட்டச் சராசரியை வைத்து ஆரல்வாய்மொழிக்குத் திட்டம் போட்டால் கடலைப் பார்த்துக் கிணறு வெட்டிய கதைதான்.

வீட்டுக் கூரை நீரைச் சேமிப்பதால் உண்மையில் ஏதாவது ஆகுமா?

ஆகும். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். வறண்ட ஆண்டிலும் 1,000 மில்லிமீட்டர் பெய்து, ஐந்தில் ஒன்று வீணானாலும் 74,000 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்ற குடிநீர்த் திட்டக் கணக்கில் நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுத் தேவை 80,000. ஏறக்குறைய சமம். 2003-இல் கட்டாயமாக்கிய காலத்தில் போட்ட குழாய்களில் எத்தனை இன்றும் கிணற்றோடு இணைந்திருக்கின்றன என்று ஒரு தெருவை மட்டும் எண்ணிப் பாருங்கள், நல்ல ஆய்வாகும். முதல் மழை நீரைக் கழித்துவிட்டுப் பிறகு சேமிக்க மறக்காதீர்கள்.

எங்கள் ஊராட்சி எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீர் வரவுசெலவுக் கணக்கிலிருந்து. பள்ளியில் ஒரு மழைமானி, ஐந்தாறு பொதுக் கிணற்றில் மாதம் ஒருமுறை மட்டமும் உப்பும், குளத்தில் அளவுகோல் வரைந்த கல். இந்த மூன்றையும் இரண்டு பருவம் எழுதிவைத்தால் எந்த அதிகாரியிடமும் பேசலாம். எழுதியவர் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஆய்வுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அறிக்கையோடு போய்விடுவார்கள்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம். நவம்பர் 1 குமரி தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட, மாவட்டம் முழுக்க விடுமுறை என்பதால் கூட்டம் சேரும். மார்ச் கூட்டத்துக்குக் கோடைக் கணக்கையும், நவம்பர் கூட்டத்துக்குக் குளம் நிறைந்த கணக்கையும் கொண்டுபோங்கள்.

தூர்வாரும் தீர்மானத்தை எப்போது கொடுக்க வேண்டும்?

பாசனத்துக்கு ஜூன் 1-இல் திறக்கும் அணைகளைப் பிப்ரவரி 28-இல் அடைப்பது வழக்கம். மார்ச், ஏப்ரல், மே மட்டுமே சானலுக்குள் இறங்கி வேலை செய்ய முடியும், அதிலும் கோடை மழை சில வாரத்தைத் தின்னும். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப் புள்ளி எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். ஆகவே தீர்மானமும் அளவுப் படமும் நவம்பர் கூட்டத்திலேயே போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் ஜூன் தண்ணீர் பழைய வண்டலின் மேல்தான் ஓடும்.